கஸ்டர் படை சென்ற வழி: தோட்டா உறைகளை முன்வைத்து ஒரு சிற்றாராய்ச்சி

1876 ஜூன் 25 பிற்பகலில், இன்றைய மொன்டானா மாநிலத்தில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள புல்மேட்டில் அமெரிக்க ஏழாம் குதிரைப்படையின் ஐந்து கம்பெனிகள் அடியோடு அழிந்தன. லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரும் அவருடன் நின்றவர்களுமாகச் சுமார் 210 பேர் மாண்டார்கள். வென்றவர்கள் லகோட்டா, வட செயென், அரப்பாஹோ மக்கள். இவற்றை யாரும் மறுப்பதில்லை. அந்த ஐந்து கம்பெனிகள் எந்த வழியாக வந்தன, எங்கே இரண்டாகப் பிரிந்தன, எதை நோக்கிப் போகும்போது சிதறின என்பதே நூறாண்டுக்கு மேலாகத் தீராத வழக்கு. இங்கே ஆராயப்படும் பொருள் அது ஒன்றே.

செத்தவர்கள் எந்தப் பக்கம் போனால் என்ன என்று கேட்பவருக்கு முதலில் விடை சொல்லிவிட வேண்டும். படை போன திசை படைத்தலைவரின் நோக்கத்தைக் காட்டுகிறது. கஸ்டர் ஆற்றைக் கடக்கும் முதல் துறையிலேயே தடுக்கப்பட்டு, துரத்தப்பட்டு மேடேறினார் என்றால், அவர் அன்று பிற்பகல் முழுதும் தற்காத்துக்கொள்ளவே போராடினார் என்று ஆகும். வடக்கே இன்னொரு துறையைத் தேடிப் போனார் என்றால், கடைசிவரை தாக்கும் எண்ணத்தோடுதான் இருந்தார் என்று ஆகும். அப்போது வடக்கே ஓடி ஒதுங்கியிருந்தவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் செயென் தலைவர் பிளாக் கெட்டிலின் ஊரை விடியற்காலையில் தாக்கியவரும் இதே கஸ்டர்தான். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் சிறைப்பிடித்துக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்பினார். அவர்கள் கையில் இருந்ததால் சுற்றிவந்த வீரர்கள் அவரைத் தொடத் தயங்கினார்கள். ஆகவே வரைபடத்தில் வடக்கு நோக்கி ஒரு கோடு இழுப்பவர், அந்தக் கோட்டின் முனையில் யாருடைய பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். இந்த வழக்கை நான் பொழுதுபோக்காகக் கருதாததற்குக் காரணம் இதுவே.

போரின் காரணம் சுருக்கமானது. 1868-இன் லாராமி கோட்டை உடன்படிக்கை பிளாக் ஹில்ஸ் மலைகளை லகோட்டாக்களுக்கே உரியதாக்கியது. 1874-இல் கஸ்டர் தலைமையில் போன படை அங்கே தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1876 ஜனவரி 31-க்குள் பூர்வகுடியினர் எல்லாரும் அரசு முகாம்களுக்கு வந்துவிட வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. வராதவர்கள் பகைவர்கள் எனப்பட்டார்கள். அவ்வளவுதான்.

இனி நிலத்தைப் பார்க்க வேண்டும். நிலம் தெரியாமல் இந்த வாதத்தில் ஒரு வரியும் விளங்காது. ஆறு வளைந்து வளைந்து வடக்கே ஓடுகிறது. மேற்குக் கரைச் சமவெளியில் கூடார ஊர் நீண்டு கிடந்தது. கிழக்குக் கரையில் செங்குத்தான மண்மேடுகள். கஸ்டரின் கீழிருந்த மேஜர் ரீனோ மூன்று கம்பெனிகளோடு ஊரின் தென்முனையைத் தாக்கி, தோற்று, ஆற்றைக் கடந்து ஓடி மேடேறினார். கேப்டன் பென்டீன் பிற்பாடு அவரோடு சேர்ந்துகொண்டார். கஸ்டர் தம் ஐந்து கம்பெனிகளோடு மேட்டின் மேலேயே வடக்கே போனார். வழியில் மெடிசின் டெயில் என்னும் ஓடைப்பள்ளம் ஆற்றுக்கு இறங்குகிறது. அதன் வாயில் ஒரு துறை உண்டு. அதற்கு வடகிழக்கே நை-கார்ட்ரைட் மேடு. அதையும் தாண்டினால் கால்ஹூன் குன்று. அங்கிருந்து ஒரு நீண்ட மேட்டுமுதுகு சுமார் ஒரு கிலோமீட்டர் வடமேற்கே ஓடி, கஸ்டரின் உடல் கிடந்த குன்றில் முடிகிறது. அந்தக் குன்றிலிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்குவது ஆழ்பள்ளம். ரீனோ முற்றுகையில் கிடந்த மேட்டுக்கும் கஸ்டர் குன்றுக்கும் இடையே ஆறு ஏழு கிலோமீட்டர் தூரம்.

1983-க்கு முன் ஆராய்ச்சியாளர் கையில் இருந்த சான்றுகள் மூன்று வகை. ஒன்று, ஜூன் 28-இல் பிணங்களைப் புதைத்த சிப்பாய்களின் குறிப்புகள். இரண்டாவது, 1890-இல் கேப்டன் ஓவன் ஸ்வீட் நட்ட பளிங்குக் கற்கள். சிப்பாய்கள் விழுந்த இடம் என்று காட்டும் அந்தக் கற்கள் கஸ்டர் களத்தில் 250-ஐ ஒட்டி நிற்கின்றன. இறந்தவர்கள் 210 பேர்தான் என்பதால், கல்லை எண்ணிப் படையை நிறுத்தியவர்கள் முதல் அடியிலேயே வழுக்கினார்கள். மூன்றாவது, களத்தில் இருந்து மீண்ட ஒரே தரப்பான லகோட்டாக்கள், செயென்களின் வாய்மொழி. இது ஏராளமாக இருந்தது. ரயில்வே இதழ் ஒன்றின் ஆசிரியரான வால்டர் கேம்ப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு தரப்பையும் தேடித்தேடிக் கேட்டு எழுதிவைத்தார். ஆயினும் வரலாறு எழுதியவர்கள் பலர், ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டவில்லை என்று சொல்லி இந்த மூன்றாம் வகையை ஒதுக்கிவைத்தார்கள். அந்த வெற்றிடத்தை ஓவியங்கள் நிரப்பின. 1896-இல் ஒரு பீர் கம்பெனி அச்சிட்டு மதுக்கடைகளுக்கெல்லாம் அனுப்பிய வண்ணப்படத்தில் கஸ்டர் வாளை ஓங்கி நிற்கிறார். ஏழாம் குதிரைப்படை அன்று வாள்களை உடன் எடுத்துவரவேயில்லை.

1983 ஆகஸ்டில் களத்தில் தீப்பிடித்தது. சுமார் 600 ஏக்கர் புல் எரிந்து மண் வெளிப்பட்டது. தொல்லியலாளர் ரிச்சர்ட் ஃபாக்ஸ் கரிந்த தரையை நடந்து பார்த்தார். 1984, 1985 ஆகிய இரண்டு கோடைகளிலும் தேசியப் பூங்காத் துறையின் டக்ளஸ் ஸ்காட் தலைமையில் அகழாய்வு நடந்தது. தன்னார்வலர்கள் மெட்டல் டிடெக்டருடன் வரிசையாக நடந்தார்கள். ஒலி கேட்ட இடத்தில் கொடி நட்டார்கள். பின்னால் வந்தவர்கள் தோண்டி, பொருள் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் கிடந்தது என்பதுவரை அளந்து குறித்தார்கள். ஐயாயிரத்தை ஒட்டிய பொருள்கள் கிடைத்தன. எண்ணிக்கையைவிட அளந்து குறித்ததே பெரிய காரியம். எடுத்த இடம் தெரியாத தோட்டா எந்த வழக்கிலும் சாட்சி ஆகாது. எத்தனையோ தோட்டாக்கள் அதற்கு முன் அப்படித்தான் பெட்டிகளில் போய்ச் சேர்ந்திருந்தன.

ஒரு தோட்டா உறை எதைச் சொல்லும்? விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி தோட்டாவின் அடியில் குத்துகிறது. ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தனக்கே உரிய வடுவை இடும். சுட்ட பின் உறையை வெளியே இழுக்கும் கொக்கியும் தன் கீறலை விடும். குற்றவியல் நிபுணர்கள் கொலை வழக்குகளில் பயன்படுத்தும் இந்த முறையை ஸ்காட் குழுவினர் போர்க்களம் முழுவதற்கும் பயன்படுத்தினார்கள். ஒரே ஊசியின் வடு இரண்டு இடங்களில் கிடைத்தால், அந்தத் துப்பாக்கி இரண்டு இடங்களிலும் சுட்டது என்பது உறுதி. வகையும் தெரியும். சிப்பாய்களின் கையில் இருந்தவை 1873 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. எதிரே இருந்தவர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் போன்ற அடுக்குத் தோட்டாத் துப்பாக்கிகள், ஷார்ப்ஸ், பழைய வாய்வழித் துப்பாக்கிகள் என நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள். காலத்தையும் ஓரளவு சொல்லலாம். ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலை 1877 முதல் தோட்டாவின் அடியில் தேதி முத்திரை பதித்தது. முத்திரை உள்ள உறை இந்தப் போருக்கு உரியதல்ல.

இந்த முறை தீர்த்துவைத்த ஒரு சிறு வழக்கையும் சொல்லிவிடலாம். ஸ்பிரிங்ஃபீல்டின் செப்பு உறை சூட்டில் ஒட்டிக்கொண்டது, கத்தியால் நெம்பி எடுப்பதற்குள் சிப்பாய்கள் செத்தார்கள் என்று பலகாலம் சொல்லப்பட்டது. நெம்பிய வடு உள்ள உறைகள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. துப்பாக்கி மீது போட்ட பழி நிற்காது.

இனி வழித்தடம். நை-கார்ட்ரைட் மேட்டில் 1920-களிலிருந்தே படைத் தோட்டா உறைகள் பொறுக்கப்பட்டன. மெடிசின் டெயில் துறைப் பக்கமும் படைக்குரிய சில பொருள்கள் உண்டு. இரண்டையும் ஒரே படை ஒரே நேரத்தில் விட்டுப்போயிருக்க முடியாது. ஆகவே படை இரண்டு அணியாகப் பிரிந்தது. இ, எஃப் கம்பெனிகள் துறைப் பக்கம் இறங்கின. சி, ஐ, எல் கம்பெனிகள் மேட்டின் மேல் நின்றன. இரண்டும் கால்ஹூன் குன்றில் மீண்டும் கூடின. ஃபாக்ஸ் உட்படப் பலர் ஏற்கும் முடிவு இது. நானும் ஏற்கிறேன்.

கால்ஹூன் குன்றில்தான் உறைகள் மிகத் தெளிவாகப் பேசுகின்றன. அங்கே எல் கம்பெனி நின்றது. கார்பைன் உறைகள் இடைவெளி விட்டு வரிசையாகக் கிடந்தன. ஏழாம் படையின் பயிற்சி விதி, சண்டை வரிசையில் ஆளுக்கு ஆள் ஐந்து கஜம் விடச் சொன்னது. நான்கு பேரில் ஒருவர் பின்னால் குதிரைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல் கம்பெனி முதலில் தெற்கு நோக்கி அந்த விதிப்படி நின்றது. பிறகு மேற்கு நோக்கியும் ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. அது ஏன் என்பதற்கு விடை கீழே உள்ள சரிவில் இருக்கிறது. சி கம்பெனி மேட்டிலிருந்து இறங்கி, நெருங்கி வந்த வீரர்களை விரட்டப் பாய்ந்தது. செயென் தலைவர் லேம் வைட் மேன் தம் ஆட்களைத் திரட்டி எதிர்த்துப் பாய்ந்தார். சி கம்பெனி உடைந்தது. உடைந்தவர்கள் ஓடிவந்த பக்கத்துக்கு எல் கம்பெனி வரிசையைத் திருப்பியது. அதே நேரம் தென்கிழக்கே ஒரு மேட்டிலிருந்து ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் அடர்த்தியாகச் சுட்டன. அந்த ரக உறைகள் குவிந்துகிடந்ததால் ஆய்வாளர்கள் அந்த இடத்துக்கு ஹென்றிவில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முன்புறம் ஹென்றிவில், பக்கவாட்டில் லேம் வைட் மேன். நடுவில் ஒரு முறைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் ஒரு கம்பெனி.

குதிரைகளும் அப்போது போயின. ஒவ்வொரு சிப்பாய்க்கும் 100 கார்பைன் தோட்டாக்கள். அவற்றில் பாதி சேணப்பையில் இருந்தன. குதிரை பிடித்தவர்களைத் தாக்கி விரட்டியதை லகோட்டா தலைவர் கால் என்பவர் 1886-இல், போரின் பத்தாம் ஆண்டில், அதே களத்தில் நின்று விவரித்தார். குதிரை போனால் பாதித் தோட்டாவும் போகும் என்பதை அவர் எந்த ராணுவப் பள்ளியிலும் படித்தவரல்ல.

கால்ஹூன் குன்றுக்கு வடக்கே, கேப்டன் கியோவின் ஐ கம்பெனி கிடந்த சரிவில், வரிசை மறைகிறது. உடல்கள் கும்பலாகக் கிடந்தன. படை உறைகள் குறைவு. பூர்வகுடித் துப்பாக்கிகளின் ஊசி வடுக்கள் மட்டும் ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே வருகின்றன. ஒழுங்கு குலைந்த படை ஆளோடு ஆள் ஒட்டிக்கொள்ளும், சுடுவதும் குறையும் என்பதைக் கொண்டு ஃபாக்ஸ் முடிவு கட்டினார்: கால்ஹூன் குன்றோடு அந்த அணியின் கட்டுக்கோப்பு தீர்ந்தது, பிறகு நடந்தது சிதறல். 1993-இல் வெளியான அவருடைய நூலின் மையம் இது. இந்த அளவுக்கு அவரோடு எனக்கு வேறுபாடில்லை. வரிசை எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று எந்தப் பழைய போர்க்களத்திலும் எளிதில் கிடைக்காது.

ஆனால் அவர் அதே அளவுகோலைக் கஸ்டர் குன்றின் மேலும் வைத்தார். அங்கே படை உறைகள் மிகக் குறைவு. ஆகவே புகழ்பெற்ற அந்தக் கடைசி எதிர்ப்பு பெரிதாக நடக்கவே இல்லை என்றார். இதற்குத் தடை உண்டு. குன்றின் உச்சியில் 1881-இல் நினைவுத்தூண் நட்டார்கள். சிதறிக்கிடந்த எலும்புகளை எடுத்துவந்து அதைச் சுற்றிப் புதைத்தார்கள். பிறகு பாதை போட்டார்கள். வருகிறவர் எல்லாரும் முதலில் ஏறி, குனிந்து, நினைவுக்கு ஒன்று பொறுக்கிக்கொண்டு போன இடமும் அதுவே. நூறாண்டு பொறுக்கிய இடத்தில் குறைவாகக் கிடைப்பதும், நூறாண்டு புல் மூடிக்கிடந்த சரிவில் நிறையக் கிடைப்பதும் சண்டையின் அளவைக் காட்டா. குதிரைகளைச் சுட்டு வீழ்த்தி, அரணாக அடுக்கியிருந்ததைப் புதைக்க வந்தவர்கள் கண்டார்கள். ஓடுகிறவர்களுக்கு அதற்கு நேரமிருக்காது. உறை கிடைத்த இடத்தில் சுட்டார்கள் என்பது உறுதி. கிடைக்காத இடத்தில் சுடவில்லை என்பது உறுதியல்ல. இந்த வேறுபாட்டை மறந்தால் அகழாய்வும் வண்ணப்படத்தைப் போலவே தனக்குப் பிடித்த காட்சியை வரையத் தொடங்கிவிடும்.

இரண்டாவது தடை இதைவிடக் கடுமையானது. உறை துப்பாக்கியைக் காட்டும். பிடித்த கையைக் காட்டாது. விழுந்த சிப்பாயின் கார்பைனையும் தோட்டாவையும் எடுத்து வீரர்கள் உடனே சுட்டார்கள். ஆகவே ஒரு கார்பைனின் உறைகள் கால்ஹூன் குன்றிலும் கஸ்டர் குன்றருகிலும் கிடைத்தால், அதைச் சுமந்தவர் ஓடிய சிப்பாயாகவும் இருக்கலாம், துரத்திய செயெனாகவும் இருக்கலாம். எந்த இடத்தில் முதலில் சுட்டது என்பதும் உறையில் இல்லை. இரண்டு புள்ளிகள் ஒரு கோட்டைத் தரும். கோட்டின் எந்த முனையில் அம்புத்தலை போடுவது என்பதை மண் சொல்லாது. அதற்குப் பார்த்தவர் வேண்டும்.

பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. குன்றுக்கும் ஆழ்பள்ளத்துக்கும் இடையே பளிங்குக் கற்கள் ஏறக்குறைய ஒரு கோடாக நிற்கின்றன. அதைக் கண்டு பலர் அங்கே ஒரு சண்டை வரிசை இருந்தது என்று வரைந்தார்கள். அங்கே படை உறைகள் குறைவாகவே கிடைத்தன. கடைசியில் குன்றிலிருந்து சிலர் கீழே ஓடினார்கள், ஓடும்போதே வீழ்த்தப்பட்டார்கள் என்று பூர்வகுடியினர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். கல்லைக் கண்டு வரைந்தது விழ, வாய்மொழி நின்றது. அதே கோட்டில் இரண்டு கற்களுக்கு அருகே கிடைத்த முக எலும்புகளைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்து, அவை சாரணர் மிட்ச் பூயேயுடையவை என்று கண்டறிந்தார்கள். தந்தை பிரெஞ்சுக் கனடியர், தாய் சான்டீ சூ. புகைக்குழாயைப் பற்களில் கடித்துக் கடித்துத் தேய்ந்த தடமும் அந்தப் பற்களில் இருந்தது. இரட்டையாக நிற்கும் கற்கள் பலவற்றின் அடியில் ஒரே ஆளின் எலும்பு என்பதும் அகழாய்வில் தெரிந்தது. 250-க்கும் 210-க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி அங்கே தீர்ந்தது. ஆழ்பள்ளத்தில் 28 உடல்களைப் புதைத்ததாகச் சிப்பாய்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றை மட்டும் எந்த அகழாய்வும் கண்டெடுக்கவில்லை. பள்ளம் வண்டலால் தூர்ந்து உயர்ந்திருப்பதைப் நிலவியலாளர் வான்ஸ் ஹெய்ன்ஸ் காட்டினார். எட்டாத ஆழத்தில் இருக்கின்றன என்று கொள்வதே முறை.

வடதுறைக்கு வருவோம். இ, எஃப் கம்பெனிகள் கஸ்டருடன் குன்றையும் தாண்டி வடக்கே ஆற்றங்கரைக்குப் போய், பின்பு திரும்பின என்பது ஃபாக்ஸின் முடிவு. அவருக்கு நெடுங்காலம் முன்பே இதைச் சொன்னவர் ஜான் ஸ்டாண்ட்ஸ் இன் டிம்பர். வட செயென் மக்களின் வரலாற்றைக் கேட்டுக்கேட்டுச் சேர்த்துவைத்தவர். லேம் வைட் மேனின் பேரன். போரில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தபோதே அவர்களிடம் கேட்டவர். மார்கட் லிபர்டியுடன் சேர்ந்து அவர் தந்த நூல் 1967-இல் வெளிவந்தது. அப்போது ஆராய்ச்சியாளர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. தீ எரிந்த பிறகுதான் திரும்பிப் படித்தார்கள்.

மறுப்பவர்களும் எளியவர்களல்லர். கிரெகரி மிக்னோ 1997-இல் பூர்வகுடிச் சாட்சியங்களைப் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக நேரவரிசையில் அடுக்கி, ஃபாக்ஸின் முடிவுகள் பலவற்றை எதிர்த்தார். சாட்சியங்கள் முரண்படுவதாகத் தோன்றியது, வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு நேரத்தில் நின்றவர்களை ஒரே காட்சிக்குச் சாட்சியாக்கியதால்தான் என்று காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. ஒரு வீரர் தாம் கண்டதைச் சொன்னார். படை முழுவதும் என்ன செய்தது என்று அவர் சொல்ல வரவில்லை. ஆயினும் பத்து நிமிடம் என்பது மிக நுண்மை. கையில் கடிகாரம் இல்லாமல் புழுதிக்குள் நின்றவர்கள், பல ஆண்டு கழித்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னதை அவ்வளவு சிறிய கட்டங்களில் அடைக்க இயலாது. முன், பின் என்ற வரிசை மட்டும் போதும். அதை அந்தச் சாட்சியங்கள் தாங்கும்.

என் முடிவு வடதுறைப் பயணம் நடந்தது என்பதே. அதற்குச் செயென் வாய்மொழி இருக்கிறது. இ, எஃப் கம்பெனியினரின் உடல்கள் வடமுனையிலேயே கிடந்தன என்பதும் ஒத்துப்போகிறது. கால்ஹூன் குன்றில் மூன்று கம்பெனிகள் காத்து நின்றதற்கும் அது காரணம் காட்டுகிறது. மற்ற இரண்டும் திரும்பி வரும், பென்டீனும் தோட்டா மூட்டைகளோடு வந்து சேர்வார் என்றுதான் அவை நின்றன. துரத்தப்பட்டு ஓடிவந்த படையாக இருந்திருந்தால், ஐந்து கஜம் விட்டு நிதானமாக வரிசை கட்டியிருக்காது. வடதுறையில் எண்ணிக்கையில் உறைகள் குறைவு என்ற மறுப்பு எழும். பூங்காவின் வேலி முடியும் இடத்தைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். முதல் இரண்டு ஆண்டுத் தேடலும் வேலிக்குள்தான் நடந்தது. துறைகளும் மெடிசின் டெயில் பள்ளத்தின் பெரும்பகுதியும் வேலிக்கு வெளியே, குரோ மக்களின் ஒதுக்கீட்டு நிலப்பரப்பில், கிடக்கின்றன. பிற்பாடுதான் அங்கே தேடினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் பொறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்னொரு சான்றுத் தொகுதி இன்னும் இந்த வாதத்துக்குள் முழுமையாக வரவில்லை. போர் முடிந்ததும் செயென், லகோட்டாக் குடும்பங்கள் தங்கள் ஆட்கள் விழுந்த இடங்களில் கற்களைக் குவித்து அடையாளம் வைத்தன. அந்த இடங்களைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டிவந்தன. 1991-இல் களத்தின் அரசுப் பெயரிலிருந்து கஸ்டர் நீங்கி, ஆற்றின் பெயர் வந்தது. 1999-இல்தான் அந்த இடங்களில் செந்நிறக் கருங்கற்களை நடத் தொடங்கினார்கள். முதலில் நட்டவை லேம் வைட் மேனுக்கும் நாய்ஸி வாக்கிங்குக்கும். சிப்பாய்களின் பளிங்குக் கற்களைப் பதினான்கு ஆண்டு கழித்து ஓர் அதிகாரி நட்டார். செந்நிறக் கற்களின் இடத்தைக் குடும்பங்கள் போர் முடிந்த கையோடு குறித்துவைத்தன. தாக்கியவர் விழுந்த இடம், எதிரியின் குண்டு அந்த நேரத்தில் எங்கே எட்டியது என்பதற்கு அளவு. லேம் வைட் மேனின் கல்லையும் சி கம்பெனி உடைந்த சரிவையும் எல் கம்பெனியின் மேற்கு வரிசையையும் ஒரே தாளில் வைத்தால், மூன்றும் ஒன்றையொன்று விளக்குகின்றன. மற்றச் செந்நிறக் கற்கள் ஒவ்வொன்றையும் அவ்வாறே உறைகளோடு சேர்த்து வரைவதே அடுத்து செய்ய வேண்டிய வேலை. வடக்கே, குன்றுக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ளவற்றிலிருந்து அதைத் தொடங்கலாம்.